வெறுங்காலின் சரித்திரம்

கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்குச் சற்று முன்னதாக, அண்ணாமலையார் கோயிலின் உள்ளிருந்து அர்த்தநாரீஸ்வரர் வெளியே வருவார். வருவார் என்பதைவிட ஓடிவருவார் என்பதே சரி. ஆண்டில் அந்த ஒரு முறை மட்டுமே வெளிவரும் மூர்த்தி அவர். ஆட்டமும் ஓட்டமுமாக வந்து, ஓரிரு நிமிடங்களில் திரும்பி விடுவார். அந்த இடைவெளியில் மலையுச்சியில் தீபம் ஏறிவிடும். கூட்டம் முழுக்க மலையை நோக்கிக் கைகூப்பி நிற்கும்போது, சிறுவனாக என் தந்தையாரின் தோளில் அமர்ந்திருந்த நான் பார்த்துக்கொண்டிருந்தது சுவாமியைச் சுமந்தவர்களின் கால்களை. இத்தனை பாரத்தோடு, இத்தனை நெரிசலில், வழவழத்த கல்தளத்தின்மேல் வெறுங்காலோடு எப்படி ஓடுகிறார்கள் என்பதுதான் அன்று எனக்கிருந்த வியப்பு. சுவாமியைத் தோளில் சுமப்பவர்களுக்கு நம் கோயில் வழக்கில் ஸ்ரீபாதந்தாங்கிகள் என்று பெயர். தோளால் சுமப்பவர்களைப் பாதத்தால் பெயரிட்ட அந்த முன்னோர் யாரோ, அவருக்கு இந்த வேலையின் சூட்சுமம் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த வியப்பு ஓர் அறிவுத்துறையின் கேள்வி என்பது பிற்பாடுதான் தெரிந்தது. உயிர்விசையியல் என்று அதற்குத் தமிழில் பெயர் வைத்திருக்கிறார்கள். எலும்பை நெம்புகோலாகவும் தசைநாணைச் சுருள்வில்லாகவும் கண்டு உடலின் இயக்கத்தைக் கணக்கிடும் துறை. மனித ஓட்டத்தைப் பற்றி அத்துறை கண்டறிந்தவற்றில் முக்கியமான ஒரு பகுதி நம் ஊருக்கு எண்பது கிலோமீட்டர் வடக்கே, வேலூரில் தொடங்கியது. அதுவும் ஓட்டப்பந்தய வீரர்களிடமிருந்து அல்ல. தம் பாதங்களை உணர முடியாதவர்களிடமிருந்து. அந்தக் கதையைச் சொல்லத்தான் இக்கட்டுரை. என் குடும்பத்துக்கும் அதில் ஒரு சிறு பங்கு உண்டு.

முதலில் நடைக்கும் ஓட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வேகமான நடையே ஓட்டம் என்று நாம் நினைக்கிறோம். அப்படியில்லை. நடையில் எப்போதும் ஒரு காலாவது தரையில் இருக்கும். ஓட்டத்தில் ஒவ்வோர் எட்டிலும் ஒரு கணம் இரு கால்களும் அந்தரத்தில் இருக்கும். நடக்கும்போது ஊன்றிய கால் ஏறக்குறைய விறைப்பாக நிற்க, அதன்மேல் உடல் தலைகீழான ஊசலைப்போல வளைந்து ஏறி இறங்குகிறது. கால் நேராக நிற்கும் கணத்தில் உடல் மிக உயரத்தில் இருக்கும். ஓட்டத்தில் நேர்மாறு. அதே கணத்தில் முழங்காலும் கணுக்காலும் மடங்கி உடல் மிகத் தாழ்ந்திருக்கும். அழுத்திய சுருள்வில்லைப் போல. அங்கிருந்து அது எம்பும்போதுதான் அடுத்த எட்டு பிறக்கிறது. நடையில் பாதம் தாங்கும் உச்ச விசை உடல் எடையைவிடச் சற்றே அதிகம். ஓட்டத்தில் அது இரண்டு மடங்கு முதல் மூன்று மடங்கு வரை போகும். (தேரோட்டம் என்று நாம் சொல்வது இந்த இலக்கணப்படி தேர்நடைதான். மொழிக்கு இந்த விதிகள் பொருந்தா.)

இந்த அறிவு மெல்லத்தான் சேர்ந்தது. இத்தாலியரான பொரெல்லி விலங்குகளின் இயக்கத்தைப் பற்றி எழுதிய நூல் 1680ல், அவர் மறைந்த பிறகு, வெளிவரத் தொடங்கியது. 1836ல் ஜெர்மனியின் வேபர் சகோதரர்கள் மனித நடையின் இயந்திரவியலை எழுதினார்கள். 1878ல் மைபிரிட்ஜ் ஓடும் குதிரையைத் தொடர்ப் புகைப்படங்களாக எடுத்து, நான்கு குளம்புகளும் தரையை விட்டிருக்கும் கணத்தைக் காட்டினார். ஆனால் பாதம் என்ன செய்கிறது என்பதை இங்கிலாந்தின் மக்னீல் அலெக்சாண்டரும் அவருடைய சகாக்களும் 1987ல்தான் கணக்கிட்டார்கள். ஓடுபவரின் கால் தரையைத் தொட்டு எழும் ஒவ்வொரு முறையும், உடல் இழந்து மீளும் ஆற்றலில் ஏறத்தாழ 35 சதவீதத்தைக் குதிகாலின் பின்னுள்ள பெரிய தசைநாணும், 17 சதவீதத்தைப் பாதத்தின் வளைவும் சேமித்துத் திருப்பித் தருகின்றன என்பது அவர்களின் முடிவு. நம் உள்ளங்காலில் ஈரம் பட்டுத் தரையில் பதிந்தால் நடுவே ஒரு வெற்றிடம் தெரியுமே, அந்த வளைவுதான் ஓடும்போது சுருள்வில்லாகிறது.

அவ்வளவுதானா என்றால், இல்லை. பாதத்துக்குக் குறுக்கே, விரல்களின் அடியெலும்புகளை ஒட்டி, இன்னொரு வளைவு இருக்கிறது. அதை உடற்கூற்று நூல்கள் பெயர் சொல்லி நகர்ந்துவிடும். 2020ல் மதுசூதன் வெங்கடேசனும் சகாக்களும் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை அதற்கு உயிர்கொடுத்தது. பெங்களூரில் ஆய்வகம் நடத்திப் பின் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர் வெங்கடேசன். புது ரூபாய் நோட்டு ஒன்றின் ஓரத்தைப் பிடித்து நீட்டினால் அது தொங்கிவிடும். அகலவாக்கில் சற்றே வளைத்துப் பிடித்தால் விறைத்து நிற்கும். கூரைத் தகரத்தை நெளிநெளியாகச் செய்வதும் இதற்காகத்தான். பாதத்தின் விறைப்பில் 40 சதவீதத்துக்கும் மேல் இந்தக் குறுக்கு வளைவின் கொடை என்று அவர்கள் காட்டினார்கள். குதிகால் எழும்பி முன்பாதத்தின்மேல் முழு எடையும் வரும்போது பாதம் துவண்டுவிடாமல் நிற்பது இதனால்தான். குரங்கின் பாதம் அந்நிலையில் துவளும்.

சுவாமி தூக்குபவர்களுக்கு வருவோம். அமெரிக்கரான ரோட்ஜர் கிராம் 1991ல் ஒரு சோதனை செய்தார். ஆசிய நாடுகளில் வளையும் தண்டுகளில் பாரம் தொங்கவிட்டு ஓடுபவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டு, பிளாஸ்டிக் குழாய்களைத் தோளில் வைத்துப் பாரம் கட்டி, ஓடுபொறியின்மேல் ஆட்களை ஓடவிட்டார். உடல் ஏறி இறங்க, பாரமோ கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் மிதந்தது. மூச்சு மிச்சமாகும் என்று எதிர்பார்த்தார், ஆகவில்லை. ஆனால் தோளில் இறங்கும் உச்ச அடி குறைந்தது. நம் ஊர் வாகனத் தண்டுகள் அவ்வளவு வளைபவை அல்ல. ஆகவே அந்த வளைவைச் சுமப்பவரின் முழங்கால்தான் தர வேண்டும். முழங்காலைச் சற்று மடக்கி, குறுகிய எட்டுகளாக, முன்பாதத்தால் தரையைத் தடவித் தடவி ஓடுகிறார்கள். தரையை முதலில் பாதம் படிக்கிறது. பிறகே எடை இறங்குகிறது.

*

வெறுங்காலைப் பற்றிப் பேசும்போது இரண்டு மிகைகளிலிருந்தும் விலகி நிற்க வேண்டியிருக்கிறது. ஒன்று, அது வறுமையின் அடையாளம் என்னும் பழைய இழிவு. மற்றொன்று, அது இழந்த சொர்க்கம் என்னும் புதிய பரவசம்.

1919ல் தொராப்ஜி டாட்டா புனேயில் டெக்கான் ஜிம்கானா நடத்திய பந்தயத்தில் கிராமத்து இளைஞர்கள் வெறுங்காலோடு நெடுந்தூரம் ஓடுவதைக் கண்டார். மறு ஆண்டு ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கிற்கு இந்திய வீரர்கள் அனுப்பப்பட்டதன் பின்னணியில் அந்தக் காட்சி இருக்கிறது. அங்கே மாரத்தானில் பெல்காமைச் சேர்ந்த படேப்பா சவுகுலே 19வதாக வந்தார். 1960ல் ரோம் நகரில் எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா வெறுங்காலோடு மாரத்தானை வென்றது உலகறிந்த செய்தி. 1964ல் டோக்கியோவில் அவரே காலணி அணிந்து, இன்னும் குறைந்த நேரத்தில் வென்றார் என்பதை வெறுங்கால் பக்தர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

2010ல் டேனியல் லீபர்மனும் குழுவினரும் நேச்சரில் எழுதிய கட்டுரை அந்தப் பக்திக்கு அறிவியல் அங்கி கொடுத்தது. பழக்கத்தால் வெறுங்காலில் ஓடும் கென்யர்கள் பெரும்பாலும் முன்பாதத்தால் இறங்குகிறார்கள். அதனால், குதிகாலால் இறங்குபவர்களுக்கு ஏற்படும் முதல் மோதலின் கூர்மையான அதிர்ச்சி அவர்களுக்கு இல்லை. ஆனால் 2013ல் வடக்குக் கென்யாவின் தாசனாச் மக்களை ஆராய்ந்தபோது, அவர்களும் வெறுங்காலர்களே என்றாலும், தாமே தேர்ந்த நிதான வேகத்தில் பெரும்பாலோர் குதிகாலாலேயே இறங்கினார்கள். ஆக, வெறுங்காலுக்கென்று ஒரே சூத்திரம் கிடையாது. தரைக்கும் வேகத்துக்கும் ஏற்ப அது மாறிக்கொள்கிறது. அந்த மாறிக்கொள்ளும் தன்மைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நம் பக்கத்து ஆய்வு ஒன்று: 1992ல் மணிப்பாலின் கஸ்தூரிபா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராவ், ஜோசப் இருவரும் 2300 குழந்தைகளின் பாதத்தடங்களை எடுத்தார்கள். காலணி அணியும் குழந்தைகளில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப்பாதம். அணியாதவர்களில் 2.8 சதவீதம். முன்புறம் மூடிய ஷூக்கள் அணிந்தவர்களிடம் நிலைமை மேலும் மோசம், செருப்பணிந்தவர்கள் இடையில். இந்தியப் பள்ளிகள் ஏன் இன்னும் ஐந்து வயதுக் குழந்தையின் காலைக் கறுப்பு ஷூவுக்குள் திணிக்கின்றன என்பது எனக்கு விளங்காத ஒன்று.

2019ல் வந்த இன்னோர் ஆய்வு, வெறுங்காலில் நடப்பவரின் உள்ளங்காலில் கனக்கும் தோல் உணர்வை மழுக்குவதில்லை என்று காட்டியது. தடித்த ரப்பர் அடிகள் மழுக்கிவிடும். தோலோ தடிப்பேறியும் அதிர்வை உள்ளே கடத்திவிடுகிறது. கிரிவலப் பாதையில் கோடைப் பகலில் நடப்பவர்களைக் கவனித்தால் இது தெரியும். சாலையின் ஓரத்தில் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டின்மேல் வரிசையாக நடந்துபோவார்கள். கறுத்த தாரைவிட அந்தக் கோட்டில் சூடு குறைவு. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. கால் கண்டுபிடித்துக்கொள்கிறது.

*

1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எலும்பியல் அறுவை மருத்துவராக வந்துசேர்ந்தவர் பால் பிராண்ட். 1914ல் கொல்லிமலையில் மிஷனரித் தம்பதிக்குப் பிறந்து, ஒன்பது வயதுவரை வெறுங்காலோடு மலையில் திரிந்து வளர்ந்தவர். செங்கல்பட்டுத் தொழுநோய் நிலையத்துக்குப் போனபோது அவர் கேட்ட கேள்வி எளியது. இவர்களின் விரல்களும் பாதங்களும் ஏன் தேய்ந்து போகின்றன? நோய் சதையை அழுகவைக்கிறது என்பதே அன்று மருத்துவர்களும் ஊராரும் ஒருசேர நம்பிய விடை. கோயில் வாசல்களில் பெருநோயாளிகளைக் கண்டு விலகிப்போன தலைமுறைகளின் அருவருப்புக்கும் அதுவே நியாயம்.

பிராண்டும் அவருடைய வேலூர்ச் சகாக்களும் வேறொன்றைக் கண்டார்கள். நோய்க்கிருமி அழிப்பது நரம்பை. நரம்பு போனதும் வலி போகிறது. வலி போன பாதத்தை அதன் சொந்தக்காரரே, தெரியாமல், நடந்து நடந்து அழித்துவிடுகிறார். செருப்பில் நீட்டிய ஆணியின்மேல் நாள்முழுக்க நடக்கிறார். கணுக்கால் எலும்பு நொறுங்கிய பிறகும் நிற்காமல் போகிறார். புண்ணுக்கு ஓய்வு கொடுத்தால் அவருடைய சதை மற்றவர்களுடையதைப் போலவே ஆறுகிறது. இவ்வளவு சாதாரணமான உண்மை அதுவரை யார் கண்ணிலும் படாமல் இருந்ததற்குக் காரணம், அவர்களை யாரும் அருகிருந்து பார்க்கவில்லை என்பதுதான். பாதப் புண்ணைச் சாந்துக்கட்டுக்குள் பொதிந்துவைத்து நடமாடவிடும் முறையை இலங்கையில் மில்ராய் பால் 1930களிலேயே கையாண்டிருந்தார். பிராண்ட் அதை விரிவாகப் பயன்படுத்தினார். 1955ல் காரிகிரியில் ஷிஃப்லின் தொழுநோய் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. நுண்ணறை ரப்பரால் ஆன மெத்தென்ற செருப்புகள் உருவாகி நிலைபெற்றது வேலூர், காரிகிரி வட்டாரத்தில்தான்.

பிராண்ட் தன் சுயசரிதையில் சொல்லும் ஒரு சம்பவத்தை நான் பலமுறை நினைத்துக்கொள்வதுண்டு. நீண்ட பயணத்துக்குப் பின் ஓரிரவு இங்கிலாந்தில் காலுறையைக் கழற்றும்போது தன் குதிகால் மரத்திருப்பதை உணர்கிறார். ஊசியால் குத்திப் பார்க்கிறார். வலிக்கவில்லை. தனக்கும் தொற்றிவிட்டது என்று முடிவுசெய்து இரவெல்லாம் தூங்காமல் கிடக்கிறார். விடிந்ததும் மறுபடி குத்துகிறார், வலிக்கிறது. ரயிலில் ஒரே நிலையில் உட்கார்ந்திருந்ததால் நரம்பு அழுந்தியிருக்கிறது, அவ்வளவே. அன்று வலிக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னவர், பிறகு வாழ்நாள் முழுக்க அதையே எழுதினார்.

1966ல் அவர் அமெரிக்காவின் லூசியானாவில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிறகுதான் ஓட்டம் இக்கதைக்குள் வருகிறது. ஆணியும் நெருப்பும் இல்லாமலேயே புண் வருகிறதே, ஏன்? எலிகளின் பாதத்தில் சிறிய விசை ஒன்றை ஆயிரக்கணக்கான முறை தொடர்ந்து தட்டச் செய்து பார்த்தார்கள். ஒரு முறை தட்டினால் எதுவும் ஆகாத அளவே அந்த விசை. நாள்தோறும் தொடர்ந்தபோது பாதம் சூடேறி, வீங்கி, கடைசியில் புண்ணாகியது. குறைத்துத் தட்டி, இடையிடையே ஓய்வும் கொடுத்தபோது தோல் தடித்து வலுவாகியது. அழிவுக்கும் வலுவுக்கும் இடையில் இருந்தது ஓய்வு மட்டுமே.

அப்படியானால் உணர்வுள்ளவர்களுக்கு ஏன் புண் வருவதில்லை? அழுத்தத்தால் நிறம் மாறும் காலுறைகளும், சூட்டைப் படமெடுக்கும் கருவியும் கொண்டு பாதங்களை ஆராய்ந்தார். மருத்துவமனையின் நடைகூடங்களில் தானே மைல்கணக்கில் ஓடி, இடையிடையே நின்று தன் பாதங்களை அளக்கச் செய்தார். ஓட ஓட அவருடைய எட்டு மாறிக்கொண்டே இருந்தது. ஒரு பக்கம் சூடேறியதும் எடை மறுபக்கம் சாய்ந்தது. அவர் அதை நினைத்துச் செய்யவில்லை. வலி என்று மனம் உணர்வதற்கும் முன்பாகவே உடல் கணக்கை மாற்றி எழுதிக்கொண்டிருந்தது. உணர்விழந்த பாதத்தின் தடமோ முதல் எட்டிலும் ஆயிரமாவது எட்டிலும் அச்சடித்தாற்போல ஒன்றாகவே இருந்தது. பிழையில்லாத, மாறாத அந்த நடைதான் அதைக் கொன்றது. நடைக்கு அழகு சீர்மை என்று நினைத்திருந்த எனக்கு, இதைப் படித்த அன்று தூக்கிவாரிப்போட்டது.

*

என் தந்தையார் பௌர்ணமி தவறாமல் மலை சுற்றியவர். பதினான்கு கிலோமீட்டர், எட்டு லிங்கங்கள். ஏறத்தாழ இருபதாயிரம் எட்டுகள். 2006ல், ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் காலை, வீட்டின் சிவப்புக் காரைத் தரையில் அம்மா கறை கண்டாள். கூடத்திலிருந்து பின்கட்டு வரை, வலது பாதத்துக்கு மட்டும், ஒவ்வோர் எட்டிலும் ஒரே இடத்தில் ஒரு பொட்டு. தந்தையார் முகம் கழுவிவிட்டு வந்து அமைதியாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். உள்ளங்காலில் ஒரு கண்ணாடிச் சில்லு. எந்த இடத்தில் ஏறியது என்று அவருக்குத் தெரியாது. இரவு முழுக்க அதன்மேல் நடந்திருக்கிறார். சர்க்கரை நோய் வந்து பல ஆண்டுகளாகியிருந்தது. கால் ஒருமாதிரி பஞ்சில் வைத்தாற்போல இருக்கிறது என்று அவர் சொன்னதை நாங்கள் வயதின் கணக்கில் சேர்த்துவிட்டோம். அந்தக் காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

இனி வெறுங்காலே கூடாது, வீட்டுக்குள்ளும் செருப்பு என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எழுதிக் கொடுத்தது எம்.சி.ஆர். செருப்பு. தொழுநோயாளிகளுக்காக வேலூர்ப் பக்கம் உருவான அதே நுண்ணறை ரப்பர். இன்று சர்க்கரை நோயாளிகள் எங்கும் அணிவது. தந்தையாருக்கு அதன் பூர்வோத்தரம் தெரியாது. செருப்போடு மலை சுற்றுவதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாம் என்றார். ஏழெட்டு மாதம் அப்படியே இருந்தார். பௌர்ணமி இரவுகளில் திண்ணையில் உட்கார்ந்து, போகிற கூட்டத்தின் காலடி ஓசையைக் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த மாதங்களைப் போல வேறெந்த நாளிலும் அவர் முதியவராகத் தோன்றியதில்லை.

அவருடைய மனம் மாறியது ரமணரின் வழியாக. 1896ல் பதினாறு வயதில் இவ்வூருக்கு வந்த ரமணர், அடியார்களோடு பல ஆண்டுகள் மலை சுற்றியவர். எப்படிச் சுற்ற வேண்டும் என்று கேட்டால், நிறைமாதக் கர்ப்பிணியைப் போல மெதுவாக என்பாராம். தியானத்துக்காகச் சொன்னதுதான். ஆனால் கர்ப்பிணியின் நடை என்றால் என்ன? குறுகிய எட்டு, அகன்ற ஊன்றல், அவசரமில்லாத அடி. உணர்விழந்த பாதங்களுக்கு இன்று மருத்துவம் சொல்லித்தரும் நடையும் அதுவே. எட்டு குறுகினால் குதிகாலின் மோதலும், முன்பாதத்தின் உந்தலும் குறைகின்றன. இதை நான் தந்தையாரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். செருப்பைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்று எங்காவது இருக்கிறதா, பார்த்துச் சொல் என்றார். நான் தேடவில்லை. இரண்டு வாரம் கழித்து அவராகவே புறப்பட்டார், செருப்போடு. ஒவ்வொரு லிங்கத்தின் முன்பும் வாசலுக்கு வெளியே செருப்போடு நின்றபடியே கும்பிட்டார். ஈசான்ய லிங்கம் வருவதற்குள் விடிந்துவிட்டது.

வீடு வந்ததும் அம்மா அவரை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு பாத்திரத்தில் நீர் வைத்துக்கொண்டு கீழே அமர்ந்தாள். மருத்துவமனையில் சொல்லிக்கொடுத்திருந்தபடி, புறங்கையை முதலில் ஒரு பாதத்தில் வைத்தாள், பிறகு மறுபாதத்தில். சுண்டுவிரலின் அடியில் சற்று நேரம் கூடுதலாக வைத்திருந்தாள்.

"இங்க சூடா இருக்குதுங்க. அடுத்த மாசம் வேணாம்."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார்.

"எனக்குத் தெரியுது" என்றாள் அம்மா.

அடுத்த பௌர்ணமிக்கு அவர் போகவில்லை. அதற்கடுத்ததற்குப் போனார்.